மறைவு ஸ்தானத்தைப் பார்க்கும் முன்: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு ஜாதக வழிகாட்டி

கல்யாணப் பொருத்தம் பார்க்க இல்லாமல், தன்னைத் தானே கொஞ்சம் தெரிந்துகொள்ள ஜாதகத்தை எடுப்பவர்கள் உண்டு. ஏன் இப்படிப் பொசுக்கென்று கோபம் வருகிறது, ஏன் ஒரே மாதிரி ஆட்களிடமே போய் மாட்டுகிறோம், எதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்ற கேள்விகளோடு வருவார்கள். இதற்கென்று ஜாதகத்தில் இடமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது: மறைவு ஸ்தானம், கட்டத்தில் 3, 6, 8, 12ஆம் வீடுகள். ஆனால் பாதிப் பேர் அங்கே போய்ச் சேருவதே இல்லை. நேரம் தப்பு, ஊர் தப்பு, எந்தப் பஞ்சாங்கம் என்று தெரியாது. அடுத்தவர் கட்டத்தை வைத்துக்கொண்டு "ஆமா, அப்படியே என்னைச் சொல்லுது" என்று தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் நேரத்தைப் பிடிக்கிற வேலைதான்.

1. பிறந்த நேரத்துக்குக் காகிதம் தேடுங்கள்

பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். அதில் தேதி, ஊர், பெற்றோர் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கும். பிறந்த நேரம் இருக்காது. நேரம் இருப்பது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில். அம்மாவின் பழைய ஃபைல், தடுப்பூசி அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவர், பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் என்று தேடுங்கள். குழந்தைப் பேறு நடந்த ஆஸ்பத்திரியில் பிரசவப் பதிவேடு தனியாக உண்டு. அதில் நேரம், எடை, ஆணா பெண்ணா என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அம்மா பெயர், அப்போதைய முகவரி, சேர்ந்த தேதி, பிறப்புப் பதிவு எண் நான்கையும் எழுதுங்கள். அம்மாவின் பெயர் அந்தக் காலத்தில் வேறு மாதிரி பதிவாகியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் "பதிவு காணப்படவில்லை" என்று வந்துவிடும். பழைய பதிவேடுகளை அழித்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு மாதத்தில் அடுத்த படியைத் தொடங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. நேரில் போய் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்பதுதான் வழி.

2. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும் முறை

"ஆச்சி, நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு மணி சொல்லிவிடுவார்கள், உங்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று. மணியைக் கேட்காதீர்கள். சுற்றி என்ன நடந்தது என்று கேளுங்கள். விளக்கு வைத்தாச்சா, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததா, கோழி கூப்பிட்டதா, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்களா, தாத்தா வேலைக்குக் கிளம்பியிருந்தாரா? விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக்காரர்கள் என்றால் மில் சங்கைக் கேளுங்கள். ஷிப்ட் நேரத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஆச்சியும் அத்தையும் ஒன்றாக உட்கார்ந்தால் யார் குரல் பெரிதோ அவர்கள் சொன்ன நேரம்தான் நிற்கும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலில் சொந்தமெல்லாம் கூடுமே, அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பொங்கல் பானை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியம்மைகளிடம் பேச்சுக் கொடுங்கள்.

கிடைத்ததை ஒற்றை நேரமாக எழுதாதீர்கள். "காலை 4.30க்கும் 5.30க்கும் நடுவில்" என்று வீச்சாக எழுதுங்கள். இரண்டு முனைக்கும் தனித்தனியே கட்டம் போட்டுப் பாருங்கள். லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி) இரண்டிலும் ஒன்றே என்றால் நிம்மதி. மாறினால், அது தீரும்வரை மறைவு ஸ்தானத்தைத் தொடாதீர்கள்.

ராத்திரிப் பிறப்பில் ஒரு பெரிய குழி இருக்கிறது. செவ்வாய் இரவு இரண்டரை மணிக்குப் பிறந்த குழந்தையை வீட்டில் "செவ்வாய்க்கிழமை பிறந்தது" என்பார்கள். பஞ்சாங்கக் கணக்கிலும் அது சரி, நாள் சூரிய உதயத்தில்தான் மாறுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியும் சாஃப்ட்வேரும் அதைப் புதன் என்றுதான் எடுக்கும். தேதியைத் தப்பாகப் போட்டால் சந்திரன் 13 பாகை (டிகிரி) தள்ளிப் போய், நட்சத்திரமே மாறிவிடும்.

3. பழைய ஜாதக நோட்டு கிடைத்தால்

மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மூன்றைச் சரிபாருங்கள்.

முதலில் ஆண்டு. நம் பக்கத்து நோட்டுகளில் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். இங்கே அது ஆவணியில் தொடங்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை என்றால் 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1120 ஐப்பசி என்றால் 1944. அதே 1120 மாசி என்றால் 1945. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். பாட்டனார் நோட்டைப் பேரன் நோட்டாக எடுத்துப் படிக்கிற கூத்தும் நடக்கும்.

இரண்டாவது, உதயாதி நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 நொடி. "உதயாதி நாழிகை 14, விநாடி 30" என்றால் உதயத்திலிருந்து 5 மணி 48 நிமிடம். உதயத்தை எல்லோரும் காலை 6 மணி என்று வைத்துக் கூட்டுவார்கள், இங்கேதான் வழுக்கும். திருநெல்வேலியில் மே கடைசியில் உதயம் 6 மணியை ஒட்டி வரும், ஜனவரி கடைசியில் 6.40ஐ ஒட்டிப் போய்விடும். ஜனவரி கடைசிப் பிறப்புக்கு 6 மணி வைத்துக் கூட்டினால் 11.48, உண்மையில் 12.27 அளவில் வர வேண்டும். லக்னம் ஏறக்குறைய 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், ஆக அந்த ஒரு கூட்டலிலேயே பத்துப் பாகை போயிற்று.

மூன்றாவது, யுத்த காலம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்தவருக்குக் கடிகார மணி எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். நாழிகையாக எழுதியிருந்தால் கழிக்க வேண்டியதில்லை.

4. ஊரைச் சரியாகக் கொடுங்கள்

மாவட்டத்தைப் போடாதீர்கள், பிறந்த ஊரைப் போடுங்கள். தூத்துக்குடி 1986இல் தனி மாவட்டமானது, தென்காசி 2019இல். 1980இல் தென்காசியில் பிறந்தவரின் சான்றிதழில் மாவட்டம் திருநெல்வேலி என்றிருக்கும், ஆனால் கணக்குக்கு வேண்டியது தென்காசி. அம்மாவைப் பெற்ற வீடு வேறு ஊர் என்றால் பிரசவம் அங்கே நடந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதானே வழக்கம்.

திருநெல்வேலிக்கு அட்சரேகை 8 பாகை 44 கலை வடக்கு, தீர்க்கரேகை 77 பாகை 42 கலை கிழக்கு. இந்திய நேரம் 82½ பாகை கிழக்கை வைத்து ஓடுவதால், நம் ஊர் நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 19 நிமிடம் பின்னால். சென்னைக்கு அந்த வித்தியாசம் 9 நிமிடம்தான். சாஃப்ட்வேரில் ஊரை மாற்றாமல் சென்னையிலேயே விட்டால் லக்னம் இரண்டரைப் பாகை தப்பும். இன்னொன்று: அந்த 19 நிமிடத்தைச் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். சுதேச மணி (உள்ளூர் நேரம்) என்று நீங்களும் கழித்துக் கொடுத்தால் இரண்டு தடவை கழிந்துவிடும்.

5. வாக்கியமா, திருக்கணிதமா: ஒன்றில் நில்லுங்கள்

வாக்கியம் பழைய சூத்திர வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் பஞ்சாங்கம், திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிப்பது. இந்தச் சண்டையில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எதில் கணித்தார்கள் என்று தெரிந்தால் போதும். வித்தியாசம் எவ்வளவு வரும் என்பதற்கு: சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாற்றில் பெயர்ச்சி கொண்டாடியது 2023 டிசம்பர் 20. மீன ராசிக்காரருக்கு ஏழரைச் சனி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கே பதினோரு மாத இடைவெளியில் இரண்டு பதில்.

கல்யாண விஷயத்துக்கு வீட்டில் வாக்கியம்தான் கேட்பார்கள், அதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் படிக்க திருக்கணிதம், லாஹிரி அயனாம்சம் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான திருத்தக் கணக்கு) என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். அயனாம்சத்தை லாஹிரியிலிருந்து ராமன் என்ற இன்னொரு கணக்குக்கு மாற்றினால் ஒன்றரைப் பாகை அளவுக்கு நகரும். சுக்கிர திசையில் பிறந்தவருக்கு திசை இருப்பு (பிறக்கும்போது அந்தத் திசையில் மீதி இருந்த காலம்) இரண்டு வருடம் தள்ளிப் போகும். "என் திசை எப்ப மாறுச்சுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்பவர்கள் முக்கால்வாசி இதில் சிக்கியவர்கள்தான்.

ஜகன்னாத ஹோரா என்ற இலவச சாஃப்ட்வேர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். முதலில் அயனாம்சத்தையும் ஊரையும் சரிபார்த்துவிட்டுக் கணியுங்கள்.

நவாம்சம், அதாவது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் அம்சக் கட்டம் பற்றி ஒரு வார்த்தை. அம்சக் கட்டத்தின் லக்னம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். உங்கள் நேர வீச்சு அரை மணி என்றால் அம்ச லக்னத்தை வைத்து யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

6. மறைவு ஸ்தானங்களைப் படிப்பது

கட்டத்தில் "ல" என்று போட்ட வீட்டை ஒன்று என்று வைத்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணுங்கள். லக்னத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டு எண்ணினால் எல்லாம் ஒரு வீடு தள்ளிவிடும். 3, 6, 8, 12 மறைவு வீடுகள். மூன்றில் தைரியமும் உடன்பிறப்பும். ஆறில் கடன், நோய், எதிரி. எட்டு என்றதும் ஆயுள் என்று பயந்துவிடுகிறார்கள், ஆனால் அவமானம், ரகசியம், புதையல், மறைபொருள் ஆராய்ச்சி எல்லாம் அங்கேதான். பன்னிரண்டில் தூக்கம், படுக்கை, தனிமை, விரயம். மனதின் ஒளிந்த பக்கத்துக்கு எட்டும் பன்னிரண்டும் முக்கியம், கூடவே மனோகாரகனான சந்திரன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன ராசி, யார் இருக்கிறார், வீட்டு அதிபதி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார், யார் பார்க்கிறார். எல்லாக் கிரகத்துக்கும் 7ஆம் பார்வை உண்டு. செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. வீடு காலியாக இருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று தாண்டிப் போகாதீர்கள், அதிபதியைப் பின்தொடருங்கள்.

ஓர் உதாரணம். கடக லக்னம். சந்திரன் கும்பத்தில், அதாவது எட்டில். சனி சிம்மத்தில், இரண்டில். லக்னாதிபதியே சந்திரன்தான், அவர் மறைவில். எட்டுக்கு அதிபதி சனி, வாக்கு ஸ்தானத்தில் உட்கார்ந்து ஏழாம் பார்வையாகச் சந்திரனைப் பார்க்கிறார். ஜோசியர் "புனர்பூ இருக்கு" (சனிக்கும் சந்திரனுக்கும் தொடர்பு) என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். நீங்கள் அதைத் தீர்ப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள்: "சொல்ல வாயெடுத்து எந்த இடத்தில் அடக்கிக்கொள்கிறேன்? யார் முன்னால்? அடக்கியது பிறகு எங்கே போய் வெடிக்கிறது?" இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி. நாலு வீடு, ஒரு சந்திரன், ராகு கேது. ஏழெட்டுக் கேள்விக்கு மேல் போகாது, போகவும் வேண்டாம்.

மறைவு என்றால் கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "மறைந்த புதன் நிறைந்த தனம்" என்பதும், "கெட்டவன் கெட்டிடில் கிட்டிடும் ராஜயோகம்" என்பதும் ஜோசியர்கள் வாயிலேயே புழங்கும் பேச்சு. பன்னிரண்டில் சுக்கிரனை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

7. நாட்குறிப்பு: முதலில் எழுது, பிறகு காலண்டரைப் பார்

ஜோதிடப் பலன் விஞ்ஞானச் சோதனையில் நிலைநாட்டப்பட்டதல்ல. "வெளியே கலகலப்பு, உள்ளே தனிமை" என்ற வரி யாருக்கும் பொருந்தும். எனவே உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஏற்பாடு வேண்டும்.

சந்திரன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற 27 நாளுக்குச் சற்று மேல் ஆகும், ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருப்பார். உங்கள் ராசிக்கு எட்டில் வரும்போது சந்திராஷ்டமம். கும்ப ராசிக்குக் கன்னியில் வரும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, மூன்று சுற்று முடியும்வரை தினமும் இரவு தூக்கம், கோபம், பசி, பேச்சு நான்குக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள், கீழே ஒரு வரி எழுதுங்கள். அதுவரை தினசரி காலண்டரில் சந்திராஷ்டமம் போட்டிருக்கும் மூலையைப் பார்க்காதீர்கள். கிழிக்கிற வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். முன்னாலேயே தெரிந்துவிட்டால் அன்றைக்குக் கோபம் வரத்தான் செய்யும். மூன்று சுற்றும் முடிந்த பிறகு அந்த நாட்களைச் சிவப்பு மையில் குறித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதி வையுங்கள். அப்போதும் நோட்டு வீணாகாது. எது உங்களைக் கிளப்பிவிடுகிறது என்பது அந்த ஒற்றை வரிகளில் இருக்கும்.

இன்னொரு சோதனை: உங்கள் லக்னப் பலனையும் வேறொரு லக்னப் பலனையும் பெயரை மறைத்து ஒரு சிநேகிதரை வாசிக்கச் சொல்லுங்கள். எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.

எழுதும்போது தொடர்ந்து தூக்கம் போவதோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணமோ தலைகாட்டினால் நோட்டை மூடிவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது. அந்த நிலையில் எட்டாம் இடத்தைக் கிளறுவது சரியில்லை.

8. ஜோசியரிடம் போகும்போது

நோட்டின் அசலைக் கொண்டு போகாதீர்கள், ஜெராக்ஸ் போதும். ஒரு தாளில் தேதி, நேர வீச்சு, நேரத்துக்கு ஆதாரம் என்ன, பிறந்த ஊர் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். போனதும் "ஐயா, தட்சணை எவ்வளவு? எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறீங்க?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். கட்டம் மட்டும் பிரிண்ட் எடுக்க ஒரு விலை, உட்கார்ந்து பேச ஒரு விலை, கையால் முழு ஜாதகம் எழுத ஒரு விலை. கை எழுத்துக்கு நாளும் பிடிக்கும், காசும் கூடும். தன்னை அறிய அது தேவையில்லை. பேசியதைப் போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், பாதி விஷயம் வீடு வருவதற்குள் மறந்துபோகும்.

"எனக்கு எப்ப நல்ல காலம்?" என்று கேட்டால் பெயர்ச்சிப் பலன் சொல்லி அனுப்பிவிடுவார். 6ஆம் படியில் எழுதிய கேள்விகளில் மூன்றை எடுத்துப் போய், "எட்டாம் அதிபதி இரண்டில் இருக்காரே, பேச்சுல அது எப்படித் தெரியும் ஐயா?" என்று கேளுங்கள். உட்கார்ந்து பேசுவார்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பேச்சு குறைவு, ஜோசியருக்கும் நேரம் கிடைக்கும். தை, ஆவணி தொடக்கத்திலும் பெயர்ச்சி சமயத்திலும் போனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

எழுந்து வர வேண்டிய இடங்களும் உண்டு. குறிப்பிட்ட கடையில்தான் ராசிக்கல் வாங்க வேண்டும் என்றால், இன்றைக்கே பணம் கட்டாவிட்டால் ஆபத்து என்றால், பிறந்த நேரத்தை எந்த ஆதாரமும் கேட்காமல் "திருத்தி"த் தருகிறேன் என்றால். நடந்த சம்பவங்களைக் கேட்டுக்கொண்டு அதற்கு ஏற்ற நேரத்தை அவர் பொருத்திவிடுவார், பிறகு அந்த நேரத்தை வைத்து நடந்ததைச் சரியாகச் சொன்னார் என்று நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள்.

9. பரிகாரம் என்று சொன்னால்

வெளியூர்ப் பயணம், பெரிய ஹோமம் எதுவும் வேண்டாம். கிரகத் தலங்கள் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கின்றன, ஒன்பது சிவன் கோவில்களான நவகைலாயமும், ஒன்பது பெருமாள் கோவில்களான நவதிருப்பதியும். சிவன் பட்டியலில் பாபநாசம் சூரியன், சேரன்மகாதேவி சந்திரன், கோடகநல்லூர் செவ்வாய், குன்னத்தூர் ராகு, முறப்பநாடு குரு, ஸ்ரீவைகுண்டம் சனி, தென்திருப்பேரை புதன், ராஜபதி கேது, சேர்ந்தபூமங்கலம் சுக்கிரன்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினால் கோவில் மாறிவிடும். ஸ்ரீவைகுண்டத்தில் கைலாசநாதர் கோவில் சனிக்கு, பெருமாள் கோவில் சூரியனுக்கு. தென்திருப்பேரையில் சிவன் கோவில் புதனுக்கு, பெருமாள் கோவில் சுக்கிரனுக்கு. பெருமாள் வரிசையில் சனிக்குப் பெருங்குளம், சந்திரனுக்கு நத்தம், ராகு கேதுவுக்கு இரட்டைத் திருப்பதி. எந்த வரிசை என்று ஜோசியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும், புரட்டாசிச் சனிகளில் நவதிருப்பதிக்கும் திருநெல்வேலியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுவது வழக்கம், முன்பதிவு உண்டு. ஒரே நாளில் ஒன்பதையும் முடிப்பதால் ஒவ்வொரு கோவிலிலும் கொஞ்ச நேரம்தான் நிற்பார்கள். ஒரு கிரகத்துக்கு மட்டும் என்றால் சாதாரண நாளில் டவுன் பஸ்ஸில் போய் வாருங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், சின்னக் கோவில்களில் அர்ச்சகர் வேறு கோவிலும் சேர்த்துப் பார்ப்பார். காலை பத்து மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.